தொண்டையைப் பிடிக்கும் அமில எதுக்களிப்பு: முழுமையான வழிகாட்டி

"நெஞ்செரிச்சலே இல்லையே டாக்டர், எனக்கு எப்படி அசிடிட்டி இருக்கும்?" காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாதக்கணக்கில் செருமல். காலையில் கரகரத்த குரல். தொண்டைக்குழியில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி ஓர் உணர்வு. துப்பினாலும் வராத, விழுங்கினாலும் போகாத சளி. இரண்டு மூன்று சுற்று ஆன்டிபயாட்டிக் முடிந்திருக்கும், இருமல் மருந்தும் பாட்டில் பாட்டிலாகக் காலியாகியிருக்கும். ஆனால் குறை தொண்டையில் இல்லாமல் அதற்கு ஒரு முழத்துக்குக் கீழே இருக்கலாம். இரைப்பையில் இருப்பது உணவுக்குழாயைத் தாண்டிக் குரல்வளை வரை ஏறுவதை மருத்துவர்கள் எல்.பி.ஆர். (லாரிங்கோஃபாரிஞ்சியல் ரிஃப்ளக்ஸ்) என்பார்கள்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், ஆனால் மேலே ஏறுவதை நிறுத்தாது. ஏறுவதை நிறுத்துவது சாப்பிடும் நேரம், சாப்பிடும் அளவு, படுக்கும் விதம் ஆகியவைதான். அதனால் இங்கே மருந்து பின்னால்தான் வருகிறது.

தொண்டை ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகிறது

சாப்பிட்டதில் கொஞ்சம் உணவுக்குழாய்க்குள் எதுக்களிப்பது ஆரோக்கியமானவர்களுக்கும் நாள்தோறும் பல முறை நடக்கிறது. உணவுக்குழாய் அதைச் சமாளித்துக்கொள்ளும். எச்சில் அமிலத்தைத் தணிக்கும், குழாயின் தசை அலை மிச்சத்தைக் கீழே தள்ளிவிடும். குரல்வளைக்கு அந்த வசதி கிடையாது. அதன் மேல்தோல் மெல்லியது, அமிலத்துக்குப் பழகாதது. நெஞ்சில் எரிச்சலே தெரியாத அளவு கொஞ்சமாக ஏறினாலும் அங்கே வீக்கம் வரக்கூடும்.

அமிலம் மட்டும் என்றால் பரவாயில்லை. கூடவே பெப்சின் என்ற செரிமான நொதியும் வருகிறது. இறைச்சியையும் பருப்பையும் இரைப்பையில் உடைப்பது இதுதான். அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். பி.எச். 2-ஐ ஒட்டிய கடும் அமிலத்தில் பெப்சின் மும்முரமாக வேலை செய்யும். 6.5-ஐத் தாண்டினால் ஓய்ந்துவிடும், ஆனால் அழிந்துவிடாது. பி.எச். 8 அளவுக்குப் போனால்தான் நிரந்தரமாகச் சிதையும். ஆக, தொண்டையில் ஒட்டி ஓய்ந்திருக்கும் பெப்சினை அடுத்த எதுக்களிப்பு எழுப்பிவிடலாம், மேலிருந்து குடிக்கும் எலுமிச்சை ஜூஸும் எழுப்பிவிடலாம். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாத கோலா தொண்டையை மட்டும் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

மாத்திரை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை நல்ல சான்று. 2021-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதன் முடிவு வெளியானது. நாள்பட்ட தொண்டைத் தொல்லை இருந்த 346 பேரில் ஒரு பாதிக்கு லான்சோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையை 30 மி.கி. அளவில் தினம் இரண்டு வேளை, 16 வாரம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெறும் போலி மாத்திரை. இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணம் தெரிந்தது. மாத்திரையே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. அமிலத்தை மட்டும் குறிவைத்தால் போதாது என்பதும், தொண்டைத் தொல்லை எல்லாமே எதுக்களிப்பு அல்ல என்பதும்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை.

முதல் படி: இது அதுதானா?

வீட்டு வைத்தியம் தொடங்கும் முன் விலக்க வேண்டியவற்றை விலக்கிவிடுங்கள். கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்:

- மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு. புகை, புகையிலை, பாக்குப் பழக்கம் இருந்தால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்
- விழுங்கும்போது வலி, அல்லது சோறு இறங்காமல் நெஞ்சில் நிற்பது
- காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி
- எச்சிலில் ரத்தம், ரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம்
- இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல். முதலில் காசநோய்ப் பரிசோதனை

நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் "வாயுத் தொல்லைதான்" என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், எதுக்களிப்பு மாதிரியே வேஷம் போடும் மற்றவற்றைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், ராமிபிரில் போன்ற மாத்திரை எடுக்கிறீர்களா? அந்த வகை மருந்துகளுக்கே வறட்டு இருமல் பக்கவிளைவாக உண்டு. நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து தரச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் உறிஞ்சுபவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் குரல் கம்மும். தூசி ஒவ்வாமையில் மூக்கின் பின்புறம் வழியும் சளி, தைராய்டு வீக்கம், நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்துவது, இவையும் இதே அறிகுறிகளைத் தரும். ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருப்பதும் உண்டு.

அடுத்து, தொல்லையை எண்ணாக மாற்றுங்கள். 2002-இல் வெளியான ஒன்பது கேள்விப் பட்டியல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. குரல் கரகரப்பு, செருமல், சளி அதிகமாக இருப்பது, விழுங்கச் சிரமம், சாப்பிட்ட பின்போ படுத்த பின்போ வரும் இருமல், மூச்சு முட்டுவது, ஓயாத தொந்தரவு இருமல், தொண்டையில் உருண்டை உணர்வு, நெஞ்செரிச்சல் அல்லது புளியேப்பம். ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு மாதத்தை நினைத்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். மொத்தம் 45. கூட்டல் 13-ஐத் தாண்டினால் எல்.பி.ஆர். இருக்க வாய்ப்பு உண்டு என்று கணக்கு. இது நோயை உறுதிசெய்யாது, ஒவ்வாமைக்காரருக்கும் 20 வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டுப் பார்த்தால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியும் என்பதே இதன் முதல் பயன். கூடவே திங்கட்கிழமை காலையில் பல் தேய்க்கும் முன், போனில் அதே நாலு வரியைப் படித்துப் பதிவு செய்து வையுங்கள். குரல் மாற்றம் தினமும் காதுக்குத் தெரியாது, இரண்டு மாத இடைவெளியில் கேட்டால் தெரியும்.

இரண்டாம் படி: படுக்கையைச் சரிசெய்வது

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நிற்கும்போது புவியீர்ப்பு நமக்காக வேலை செய்கிறது. தூங்கும்போது அதுவும் இல்லை, விழுங்குவது குறைகிறது, எச்சில் சுரப்பதும் வெகுவாகக் குறைகிறது. இரவில் ஏறியது விடிய விடிய அங்கேயே கிடக்கும்.

தலைப்பக்கம் 15 முதல் 20 செ.மீ. உயர வேண்டும். மூன்று தலையணை அடுக்குவதுதான் எல்லோரும் செய்கிற முதல் காரியம், அதுதான் தப்பும்கூட. தலையணை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடியும், வயிறு நசுங்கும், அழுத்தம் கூடி எதுக்களிப்பு அதிகமாகும். இடுப்பிலிருந்து தலை வரை ஒரே சரிவாக உயர வேண்டும்.

கால் உள்ள கட்டிலானால் தலைப்பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் செங்கல் வையுங்கள். சாதாரணச் செங்கல் படுக்கை வாக்கில் சுமார் 7.5 செ.மீ. உயரம் இருக்கும். முதல் வாரம் ஒன்று, பழகியதும் இன்னொன்று. செங்கலுக்கும் தரைக்கும் நடுவிலும், செங்கலுக்கும் கட்டில் காலுக்கும் நடுவிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் டைல்ஸ் தரையில் வழுக்காது. கட்டிலின் தலைப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலுக்குக் கால் இருக்காது. அதற்கு மெத்தைக்கு அடியில் சரிவான ஃபோம் ஆப்பு வேண்டும். நீளம் 60 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், குட்டையாக இருந்தால் முதுகின் நடுவில் மடியும். பாயில் படுப்பவர்களும் அதே ஆப்பைப் பாய்மேல் போட்டுக்கொள்ளலாம். முதல் சில இரவுகள் கீழே சறுக்குவீர்கள். வழவழப்பான விரிப்பை மாற்றிப் பருத்தி விரிப்பு போட்டால் பாதி சரியாகிவிடும்.

அடுத்தது, இடது பக்கம் சாய்ந்து படுப்பது. இரைப்பையின் பெரிய பை உடலின் இடப்புறம் தொங்குகிறது. இடதுபுறம் படுத்தால் அமிலம் அந்தப் பையில் தேங்கும், உணவுக்குழாய் வாய் அதற்கு மேலே இருக்கும். வலதுபுறம் படுத்தால் நிலைமை தலைகீழ். தூக்கத்தில் புரண்டுவிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அண்டை கொடுங்கள்.

பலமான குறட்டையும், பகலில் தூங்கி விழுவதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கலாம். மூச்சுக்குத் திணறும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவிசை வயிற்றில் இருப்பதை மேலே உறிஞ்சும். அதைக் கவனிக்காமல் செங்கல் மட்டும் வைத்துப் பயன் இல்லை.

மூன்றாம் படி: எப்போது, எவ்வளவு

என்ன சாப்பிடுவது என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எப்போது, எவ்வளவு என்பவை அதைவிடப் பெரிய கேள்விகள்.

கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். பத்து மணிக்குப் படுப்பவர் ஏழு மணிக்குக் கை கழுவியிருக்க வேண்டும். நம் ஊரில் இது லேசான காரியமில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பத்தரைக்கு வீடு வருபவர், ஷிப்டு முடிந்து பரோட்டா கடையில் உட்காருபவர் என்ன செய்வார்? இரவுச் சாப்பாட்டை இடம் மாற்ற வேண்டியதுதான். ஆறரை, ஏழு மணிக்குள் கடையிலேயே டிபன் பாக்ஸில் முழுச் சாப்பாடு. வீட்டுக்கு வந்தபின் பசித்தால் அரை டம்ளர் கோதுமை ரவைக் கஞ்சி அல்லது ஒரு வாழைப்பழம், அதுவும் படுக்க ஒரு மணி நேரம் முன்னால். இரவு வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுடைய "இரவு" காலை எட்டு மணிக்கு என்றால், காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதுதான் அவர்கள் செய்யும் தவறு.

அளவைப் பொறுத்தவரை, வயிறு விரியும்போது உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசை தானாகத் தளர்ந்து காற்றை வெளியே விடும். ஏப்பம் அப்படித்தான் வருகிறது, அதோடு அமிலமும் வருகிறது. வழக்கமாகச் சாப்பிடுவதில் மூன்றில் இரண்டு பங்கோடு எழுந்துவிடுங்கள். குறைந்ததைப் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் சிறு தீனியாக ஈடுகட்டலாம். சாப்பாட்டின்போது ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மீதியை இடைவேளைகளில் குடியுங்கள்.

சாப்பிட்டதும் குனிந்து வீடு துடைப்பது, எடை தூக்குவது, கபாலபாதி போன்ற பயிற்சிகள் கூடாது. பத்து பதினைந்து நிமிட மெதுநடை நல்லது. இறுக்கமான பெல்ட், இழுத்துக் கட்டிய பாவாடை நாடா ஆகியவற்றைத் தளர்த்துங்கள். பகல் தூக்கம் தவிர்க்க முடியாது என்றால் சாய்வு நாற்காலியில் தூங்குங்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் தொப்பையே இரைப்பையை இரவு பகலாக அழுத்திக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சில கிலோ குறைப்பது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

நான்காம் படி: நம் சமையலில் எதை மாற்றுவது

நம் சாப்பாட்டின் சிக்கல் காரத்தைவிடப் புளிப்பில்தான் அதிகம். குழம்பில் புளி, ரசத்தில் புளியும் தக்காளியும், மோர் புளிப்பு, ஊறுகாயில் எலுமிச்சை, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி என்று ஒரே இலையில் ஐந்து புளிப்பு இறங்குகிறது. எலுமிச்சைச் சாறு, கெட்டிப் புளிக்கரைசல், கோலா மூன்றின் பி.எச்.சும் ஏறத்தாழ 2-லிருந்து 3 வரை. தக்காளி 4-ஐ ஒட்டி. ஓய்ந்து கிடக்கும் பெப்சினை எழுப்ப இது தாராளம்.

முதல் நான்கு வாரம் மட்டும் கண்டிப்பாக நிறுத்த வேண்டியவை: புளி, தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய், வினிகர், கோலா சோடா வகைகள், மது, எண்ணெயில் பொரித்தவை, சாக்லேட், புதினா. புதினாவும் சாக்லேட்டும் உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசையைத் தளர்த்துபவை. தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று வாயில் போடும் மெந்தால் மிட்டாயும் புதினா வகையறாதான். காபி, டீயை நிறுத்தினால் தலைவலி வருபவர்கள் காலை ஒன்றோடு நிறுத்துங்கள். அதையும் வெறும் வயிற்றில் குடிக்காமல் டிபனுக்குப் பின் குடியுங்கள், டிகாஷன் பாதியாக.

அப்புறம் எதைத்தான் சாப்பிடுவது? புளி சேராத சமையல் நம்மிடம் நிறையவே இருக்கிறது, விருந்துக்கு முன் நிற்காததால் மறந்துவிட்டோம். பொரிச்ச குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு 50 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, 250 கிராம் புடலங்காயை நறுக்கிச் சிட்டிகை மஞ்சளும் உப்பும் போட்டுத் தனியாக வேகவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், நாலு மிளகு, விதை நீக்கிய பாதிக் காய்ந்த மிளகாய் இவற்றை அரைத்து இரண்டோடும் சேர்த்து ஒரே கொதி. தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் உளுந்து, கறிவேப்பிலை. சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணிக்காய், முட்டைக்கோஸ் எல்லாமே இதற்கு ஒத்துவரும். ரசம் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் வேகவைத்த பருப்புத் தண்ணீரில் சீரகமும் கொத்தமல்லித் தழையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு ஊற்றிக்கொள்ளலாம்.

காலைக்கு இடியாப்பம் தேங்காய்ப்பாலோடு, புட்டு வாழைப்பழத்தோடு, ரவைப் பொங்கல் நெய் குறைத்து. இட்லி சாப்பிடலாம், ஆனால் மாவு பொங்கிய அன்றைக்கே ஊற்றியதாக இருக்கட்டும். மூன்றாம் நாள் புளித்த மாவில் ஊற்றிய ஊத்தப்பம் வேண்டாம். தயிரும் அப்படித்தான், உறைந்த உடனே எடுத்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பழைய சோறும் கேழ்வரகுக் கூழும் புளிக்க வைத்தவை என்பதால் முதல் மாதம் தள்ளிவையுங்கள், கேழ்வரகைப் புளிக்க வைக்காமல் பால் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கலாம். பப்பாளி, வாழை, முலாம்பழம், தர்பூசணி சரி. ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசி, புளிப்பு திராட்சை இப்போதைக்கு வேண்டாம். மீன், கோழி ஆவியிலோ குழம்பிலோ இருந்தால் தடையில்லை, மீன் குழம்பைப் புளிக்குப் பதில் தேங்காய்ப்பாலில் வையுங்கள்.

வீட்டு வைத்தியங்களில் சில நேரடியாகக் கெடுதல். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், ஆப்பிள் சிடர் வினிகர் இரண்டும் அமிலத்தை நேராகப் புண்ணின் மேல் ஊற்றுவதுதான். சோடா உப்பும், பொங்கி வரும் பாக்கெட் பொடிகளும் வாயுவை உண்டாக்கி ஏப்பத்தோடு அமிலத்தை மேலே தள்ளும், சோடியமும் அதிகம். குளிர்ந்த பால் சிறிது நேரம் இதமாக இருக்கும், பிறகு அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும். படுக்கும் நேரத்துப் பாலை விட்டுவிடுங்கள். அதிமதுரம் தொண்டைக்கு வழவழப்பைத் தருவது உண்மை. ஆனால் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பி.பி. இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்ட தண்ணீர் (ஆல்கலைன் வாட்டர்) தரும் எந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். 2017-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், பெரும்பாலும் தாவர உணவும் பி.எச். 8-க்கு மேற்பட்ட தண்ணீரும் எடுத்தவர்களுக்கு, மாத்திரை எடுத்தவர்களுக்கு நிகரான பலன் கிடைத்தது. ஆனால் உணவும் தண்ணீரும் சேர்ந்தே மாறியதால் பலன் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதற்காகப் பல ஆயிரம் ரூபாய் போடுவது வீண். சாதாரணக் குடிநீரையே சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய் எடுத்துத் தொண்டைவரை கொப்பளித்து விழுங்கினால் ஒட்டியிருப்பது கழுவப்படும்.

ஐந்தாம் படி: செருமலை நிறுத்துவது

வயிற்றுப் பக்கம் எல்லாம் சரியானபின்பும் தொண்டை சரியாகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இது. ஒவ்வொரு செருமலிலும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதினால் வீக்கம், வீங்கினால் உறுத்தல், உறுத்தினால் மறுபடி செருமல். சளி உண்மையில் அதிகமாக இருப்பதில்லை, வீங்கிய இடம் சளி மாதிரி உணர்வைத் தருகிறது.

செரும வேண்டும் என்று தோன்றும்போது அருகில் இருக்கும் தண்ணீரில் ஒரு மிடறு குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் முகவாயைக் கீழே தாழ்த்தி எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். அதுவும் போதாவிட்டால் சத்தமில்லாமல் "ஹ்ஹ" என்று காற்றை மட்டும் வெளியே தள்ளி உடனே விழுங்குங்கள். முதல் வாரம் பாதி நேரம் மறந்துவிடும், வீட்டில் ஒருவரைச் சைகை காட்டச் சொல்லி வையுங்கள். குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசுவதும் குரல்வளையை இறுக்கும், மெல்லிய சாதாரணக் குரலே மேல். வெறும் வெந்நீர் ஆவி பிடிக்கலாம், அதில் தைலம் போட வேண்டாம்.

சாப்பிட்டு முடித்தபின் சர்க்கரையில்லாத, புதினாச் சுவையில்லாத சூயிங்கம் அரை மணி நேரம் மெல்லுவது எச்சிலைப் பெருக்கி அமிலத்தைத் தணிக்கும். வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சிக்கும் சான்று உண்டு. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தை உதரவிதானத் தசை வெளியிலிருந்து சுற்றிப் பிடித்திருக்கிறது, அதைப் பழக்குவதுதான் நோக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் எழும்ப வேண்டும். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்.

ஆறாம் படி: மருந்து

முதலில் ஆல்ஜினேட் திரவம். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இது இரைப்பை உணவின் மேல் மிதக்கும் மூடி போலப் படிந்து, ஏறுவதையே தடுக்கிறது. பெப்சினுக்கும் அதே தடை. கேவிஸ்கான் போன்றவை இந்த வகை. மருந்துக்கடையில் "அசிடிட்டி சிரப்" என்று கேட்டால் வெறும் ஜெல்தான் கிடைக்கும், லேபிளில் சோடியம் ஆல்ஜினேட் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான வகையில் பெரியவர்களுக்கு 10 முதல் 20 மி.லி., அடர்வகையில் 5 முதல் 10 மி.லி. சாப்பாட்டுக்குப் பின்னும், இரவு படுக்கும் முன் எல்லாவற்றுக்கும் கடைசியாகவும். குடித்தபின் தண்ணீர் குடித்தால் மூடி கலைந்துவிடும். சோடியம் இருப்பதால் சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

அடுத்து பான்டோபிரசோல், ராபிபிரசோல், எசோமெபிரசோல் போன்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பி.பி.ஐ. வகை மாத்திரைகள். நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் இவை அதிகம் உதவும். வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். நெஞ்செரிச்சல் அறவே இல்லாமல் தொண்டைத் தொல்லை மட்டும் இருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே எதுக்களிப்பைச் சோதித்து உறுதிசெய்வது நல்லது என்று அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்த மாத்திரை பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் எடுக்கும் விதம்தான். இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளில் இயங்கிக்கொண்டிருப்பவற்றை மட்டும்தான் இது அடைக்கும். சாப்பாடுதான் அந்தப் பம்புகளை இயக்கும். அதனால் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும், பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். படுக்கும்போது போடுவது, எரிந்த அன்றைக்கு மட்டும் போடுவது, போட்டுவிட்டு வெறும் காபியோடு ஆபீஸ் கிளம்புவது எல்லாம் பாதி மருந்தை வீணாக்கும். டோம்பெரிடோன் கலந்த கூட்டுக் கேப்சூலைச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள், சிலருக்கு அது இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கும். பி.பி.ஐ. நீண்ட நாள் எடுப்பவர்கள் பி12, மெக்னீசியம் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்துவதையும் படிப்படியாகச் செய்யுங்கள். சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலச் சுரப்பு சில வாரம் முன்னைவிட அதிகமாகப் பாயும். அதைப் பார்த்து "மாத்திரை இல்லாமல் எனக்கு முடியாது" என்று மறுபடி தொடங்குபவர்கள்தான் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு வேளை ஒரு வேளையாகி இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு நிறுத்தம். இடைப்பட்ட நாள்களை ஆல்ஜினேட்டால் சமாளிக்கலாம். இந்த அட்டவணையை மருந்து எழுதியவரே முடிவு செய்யட்டும்.

ஏழாம் படி: மூன்று மாதத்தில் மாறாவிட்டால்

தொண்டை மெதுவாகத்தான் ஆறும். அறிகுறிகள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் குறையும், குரல்வளை வீக்கம் வற்ற ஆறு மாதமும் ஆகலாம். அதனால் இரண்டாம் வாரத்திலேயே கைவிட வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் மூன்று மாதத்தில் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் சோதனைக்குப் போங்கள்.

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்ப்பது சில நிமிட வேலை. அதில் வேறு ஏதேனும் கட்டி, புண் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். "பின்பக்கம் சிவந்திருக்கிறது" என்று எழுதினால் அதை மட்டும் வைத்து எதுக்களிப்பு என்று முடிவு கட்ட முடியாது, தொல்லையே இல்லாதவர்களிடமும் அந்தச் சிவப்பு இருக்கும். எண்டோஸ்கோபி இயல்பாக இருந்தாலும் எல்.பி.ஆர். இல்லை என்று ஆகிவிடாது. உறுதியாகச் சொல்லக்கூடியது 24 மணி நேர பி.எச். இம்பீடன்ஸ் சோதனை. மூக்கு வழியாக ஒரு கம்பி, இடுப்பில் ஒரு சிறு பெட்டி, அன்றாட வேலைகளோடு ஒரு நாள். அமிலம், அமிலமில்லாதது, வெறும் வாயு எது எப்போது எவ்வளவு உயரம் ஏறியது என்று பதிவாகும். இருமும்போது பட்டனை அழுத்த மறக்காதீர்கள், அன்றைக்கு மட்டும் பத்தியமும் இருக்க வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டால்தான் உண்மை நிலை பிடிபடும். உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் மொத்தத்தில் 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி.

சோதனை இயல்பு என்று வந்தால் அதுவும் நல்ல செய்திதான். குரல்வளை நரம்புகள் மிகையாகக் கூச்சப்படுவதால் தொல்லை வரலாம். அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரும், நரம்பைத் தணிக்கும் குறைந்த அளவு மருந்தும் உதவும், அமில மாத்திரை உதவாது. எதுக்களிப்பு உறுதியாகி மருந்துக்கும் அடங்காவிட்டால்தான் கீழ்வாயை இறுக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவது

நான்கு வாரம் முடிந்து மதிப்பெண் இறங்கியிருந்தால், விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரு பொருள், மூன்று நாள், மதியத்தில் மட்டும். தொண்டை உடனே பதில் சொல்லாது, மறுநாள் காலைக் குரலில்தான் தெரியும். அதனால் ஒரே நாளில் தக்காளியும் காபியும் சேர்த்தால் எதன் வேலை என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருவருக்குத் தக்காளி சேராது, மிளகாய் சேரும், இன்னொருவருக்கு நேர்மாறு. சேர்ந்ததை வைத்துக்கொண்டு சேராததை மட்டும் விடுங்கள். வாழ்நாள் பத்தியம் இதற்குத் தேவையில்லை. படுக்கை உயரமும் மூன்று மணி நேர இடைவெளியும் மட்டும் தொடரட்டும்.

கல்யாணச் சாப்பாடு, தீபாவளிப் பலகாரம் வந்தால் மதியப் பந்தியில் உட்காருங்கள், இரவு ரிசப்ஷன் பஃபேயைத் தவிருங்கள். வத்தக்குழம்பையும் ஊறுகாயையும் தொட்டுச் சுவைப்பதோடு நிறுத்திப் பருப்பு நெய்ச் சோறு, கூட்டு, பொரியலை நிறையப் போட்டுக்கொள்ளுங்கள். மீறிச் சாப்பிட்டுத் தொண்டை பிடித்துக்கொண்டால் மூன்று நாள் பொரிச்ச குழம்பு, ஆறரை மணிக்கு இரவு உணவு, படுக்கும் முன் ஆல்ஜினேட். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் ஒன்பது கேள்விகளையும் எடுத்து மறுபடி மதிப்பெண் போட்டுப் பாருங்கள். பழைய எண்ணுக்கே திரும்பியிருந்தால் பத்தியத்தை மீண்டும் நான்கு வாரத்துக்குத் தொடங்குங்கள்.